எந்த வண்டிக்கு ஜெபம்

ஜெபத்தின் நடுவில் நான் கண் திறந்தபோது, போதகரின் வலது கை எங்கள் பழைய ஸ்கூட்டரின் கைப்பிடிமேல் இருந்தது.

நாங்கள் ஜெபிக்கச் சொன்னது அந்த வண்டிக்காக அல்ல. புதிய வண்டி அதன் அருகிலேயே, முன்சக்கரத்திலிருந்து இருக்கை வரை சேறு தெறித்து, ஆராதனைக்கு வந்த வேறு யாருடையதோ போல நின்றது.

வீட்டுக்குப் புறப்பட்ட சபையார் சிலர் கால்களை நிறுத்தித் தலை குனிந்திருந்தார்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆலயத்தின் முகப்பு ஓடுகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த செம்மண்ணின் மணத்தோடு புதுப் பெயிண்டின் மணமும் சேர்ந்து வந்தது. அந்தப் பெயிண்ட் மணம் பழைய வண்டியினுடையது.

“ஆண்டவரே, இந்தப் புதிய வாகனத்தை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். இதை ஓட்டிச் செல்லும் உமது அடியானையும், பின்னால் அமர்ந்து செல்லும் உமது அடியாளையும் காத்துக்கொள்ளும்.”

வண்டியும் தவறு. ஓட்டுகிறவரும் தவறு.

எதிரே என் கணவர் ஞானராஜ் நின்றார். அவருடைய கண்களும் திறந்திருந்தன. அத்தனை மூடிய இமைகளுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும், இரண்டு ஸ்கூட்டர்களுக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையில் இருந்தது திகைப்பா, வேண்டுதலா, சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. மாதங்கள் சில கடந்துவிட்டன. இன்னும் புரியவில்லை.

சாவி கைமாறும் வழக்கம்

எங்கள் பக்கத்துச் சபைகளில் புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் அதற்கு ஒரு ஜெபம் உண்டு. கிணற்றில் இறக்கிய மோட்டாருக்கு உண்டு. தையல் இயந்திரத்துக்கு உண்டு. என் தோழி ஒருத்தி மாவரைக்கும் கிரைண்டருக்குக்கூடப் போதகரை அழைத்திருக்கிறாள். முழு உளுந்தும் ஊறிக் காத்திருந்த அந்தக் காலையில் ஜெபம் சற்று நீண்டுவிட்டது என்று இன்றும் குறைப்படுவாள்.

வண்டிக்கான ஜெபத்துக்குச் சிறிய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வண்டியை முகப்பு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். போதகரை நாங்கள் ‘ஐயர்’ என்றே அழைப்போம். அவர் வந்து சாவியைக் கேட்டு வாங்குவார். ஒரு கையில் சாவி, மறு கை வண்டிமேல். ஜெபம் முடிந்ததும், ஓட்டப்போகிறவர் யாரோ அவர் கையில் சாவியைத் திருப்பித் தருவார்.

எல்லோர் முன்னிலையிலும் தருவார் என்பதுதான் இதில் முக்கியம். வீட்டில் யார் ஓட்டுகிறார்கள், யார் பின்னால் உட்காருகிறார்கள் என்பது அந்த நொடியில் ஊருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் புதிய வண்டி வாங்கிச் சில ஞாயிறுகள் கடந்தும் அந்த ஜெபம் நடக்கவில்லை. ஒரு ஞாயிறு மழை வரும்போல இருக்கிறது என்றார் என் கணவர். இன்னொரு ஞாயிறு, பழைய ஐயர் மாறிப் போகிறார், புதியவர் வந்து நிலைபெறட்டும் என்றார். அவர் தள்ளிப்போட்டது ஜெபத்தை அல்ல, சாவி கைமாறும் அந்த நொடியை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லவில்லை.

முகம் பார்க்காத வண்டி

பழைய ஸ்கூட்டர் எங்களுக்குத் திருமணமான மறு ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ வந்தது. வான நீலம். இருபுறமும் கன்னம் உப்பினாற்போலப் புடைத்த தகரம். கைப்பிடியின் நடுவில் ஒரே ஒரு வட்ட விளக்கு. முதுகில் உபரிச் சக்கரம். குளிர்ந்த காலைகளில் வண்டியைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, பிறகு உதைப்பார். நீலப்புகை ஒன்று எழுந்து முற்றத்துச் செம்பருத்தியில் சிறிது நேரம் தங்கும்.

இன்று அதைப் பார்க்கிறவர்கள் ‘கிளாசிக்’ என்கிறார்கள். நாங்கள் வாங்கியபோது அந்தச் சொல் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அது அன்றைக்குப் புதிய வண்டி, அவ்வளவுதான். வாங்கும்போது இவர் கேட்டதும் ‘புது மாடல்’ வேண்டும் என்றுதான்.

அந்த வண்டியில் நான் பயணம் செய்த ஆண்டுகள் மிகப் பல. தக்கலைக்கு வெளியே எங்கள் வீடு. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. அவருக்கும் அங்கேயே ஓர் அலுவலகம். காலையில் என்னை இறக்கிவிட்டுப் போவார், மாலையில் வந்து ஏற்றிக்கொள்வார்.

சேலை கட்டிய பெண்கள் எல்லோரையும்போல நானும் இடப்பக்கம் பார்த்து உட்காருவேன். காலையில் போகும்போது வேளிமலை எனக்கு. மேகம் இறங்கியிருக்கும், அல்லது வெயிலில் பாறைகள் மின்னும். மாலையில் திரும்பும்போது மலை அவர் வலத்தோளுக்கு அப்பால் போய்விடும். எனக்குத் தென்னந்தோப்புகளும் வயல்களும் கடைகளும் வரும். சாலையின் ஒரு பக்கம் காலையில், மறுபக்கம் மாலையில். இரண்டையும் ஒருசேரப் பார்த்ததில்லை.

வண்டியையும் நான் அப்படித்தான் அறிந்திருந்தேன். உட்காரும் இடத்தின் சூடு தெரியும். வளைவில் உபரிச் சக்கரம் முழங்கையில் படும் இடம் தெரியும். எந்த மேட்டில் அதன் குரல் மாறும் என்பது தெரியும். முகம் தெரியாது. ஸ்கூட்டரின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பேசுவது முகத்தைப் பற்றி. வட்ட விளக்கா, கூரிய விளக்கா, மூக்கு எப்படி, கைப்பிடி எப்படி என்று. பின்னால் உட்கார்ந்து வந்தவளிடம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

இறுகிய தோள்

அவருடைய இடத்தோள் ஒரே நாளில் இறுகவில்லை. முதலில் உயரத்து அலமாரியிலிருந்து டப்பா எடுக்க என்னைக் கூப்பிட்டார். பிறகு சட்டை போடும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினார். பழைய ஸ்கூட்டரில் இடக்கைதான் கிளட்ச்சையும் பிடிக்க வேண்டும், கைப்பிடியைத் திருகிக் கியரும் மாற்ற வேண்டும். ஒருநாள் வில்லுக்குறி தாண்டி ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்து ஒலி எழுப்பியது. அவர் கைப்பிடியைத் திருகவே இல்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருத்துவர் பயிற்சிகள் சொல்லித் தந்தார். காலம் எடுக்கும் என்றார். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. ஓட்ட வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை இதுதான். தக்கலையில் பெண்களுக்குக் கற்றுத்தரும் ஓர் அம்மாள், பள்ளி மைதானமொன்றில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சாலைக்கு வந்த முதல் நாளில் எனக்குத் தலை சுற்றியது. வேகத்தால் அல்ல. மலையும் தோப்பும் ஒரே நேரத்தில், இருபுறமிருந்தும் வந்ததால். இத்தனை காலம் தெரிந்த சாலையில் வழி தவறியவள்போல ஓரமாக நிறுத்திவிட்டேன்.

கடையில் ஒரு கேள்வி

கியர் இல்லாத வண்டி ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. எந்த வண்டி என்பதில்தான் குழப்பம் தொடங்கியது.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் பிரின்சி படங்களாக அனுப்பினாள். எல்லாம் கூரிய முகம் கொண்டவை. சுருங்கிய கண்போன்ற விளக்குகள். உடலெங்கும் மடிப்பும் முனையும். பூச்சி ஒன்று பாய ஆயத்தமாக நிற்பதுபோல ஒன்று இருந்தது. “அப்பா சொல்லுகாரு ஒனக்குப் பழைய மாடல்தான் பிடிக்கும்னு. நெசமாம்மா?” என்று கேட்டாள்.

நான் நூலகர் என்பதால் பழையன எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. நூலக நாட்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதியபோது, பழைய நூல்களின் மணத்தைப் போற்றிச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களை ஏமாற்ற மனமில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பழைய நூலைத் திறந்தால் எனக்குத் தும்மல் வரும். புதிய தாளின் வழவழப்புத்தான் பிடிக்கும்.

ஆகவே கூரிய வண்டிதான் எனக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்தபோது பிடிக்கவில்லை. மறுநாள் அதையே தெருவில் ஓர் இளம்பெண் ஓட்டிப் போனபோது பிடித்தது.

வடசேரிப் பக்கத்தில் ஒரு பெரிய கடை. கண்ணாடிச் சுவருக்குள் வண்டிகள் வரிசையாக நின்றன. விற்பனைப் பெண் சிரித்த முகத்தோடு வந்து, வண்டி யாருக்கு, சாருக்கா மேடமுக்கா என்று கேட்டாள்.

என் கணவர் முந்திக்கொண்டு, “வீட்டுக்கு” என்றார்.

அவள் இரண்டு வண்டிகளைக் காட்டினாள். ஒன்று கறுப்பு, கூரிய முகம். மற்றொன்று பாலேட்டு நிறம். வட்ட விளக்கு, வட்டக் கண்ணாடிகள், ஓரமெல்லாம் வெள்ளிக் கோடு. பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்தது என்றாள். என் கணவர் விரல் முட்டியால் அதன் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். எங்கள் பழைய வண்டியைத் தட்டினால் குடம்போல ஓசை வரும். இது பெட்டியைத் தட்டியதுபோல அடங்கிய ஒலி எழுப்பியது. அவர் கறுப்பு வண்டியிடம் போய் அதைச் சுற்றி வந்தார். மீண்டும் சுற்றினார்.

“மேடமுக்கு எந்த டிசைன் பிடிச்சிருக்கு?”

கேள்வி எளிது. ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் பதிலோடு காரணமும் சொல்லியிருப்பேன். இங்கே எது பிடித்திருக்கிறது என்று தேடினால், உள்ளே பிறருடைய விருப்பங்கள்தான் வரிசையாக நின்றன. மகளுக்குப் பிடித்தது. கணவருக்குப் பிடித்திருக்கும் என்று நான் நினைப்பது. எனக்குப் பிடிக்கும் என்று கணவர் நினைப்பது.

அப்போது அந்தப் பெண் பாலேட்டு வண்டியின் விளக்கைப் போட்டாள்.

அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நூலகம் மூடும் நேரம், கல்லூரி வாசலில் வாகைமரத்தடியில் நிற்பேன். இருட்டத் தொடங்கிய சாலையில் பல விளக்குகள் வரும். அவற்றில் சற்று மஞ்சளாக, சற்று நடுங்கி வரும் ஒரு வட்டம் எங்களுடையது. அது தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். பழைய வண்டியின் முகத்தை ஒவ்வொரு மாலையும் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதை மறந்திருக்கிறேன்.

விளக்கு பிடித்ததா, விளக்குக்குப் பின்னால் வந்தவரைப் பிடித்ததா? கடையில் நின்று யோசிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. “இது” என்று விரல் நீட்டினேன்.

“எனக்குத் தெரியும் நீ இதத்தான் சொல்லுவன்னு” என்றார் அவர். அந்தச் சொல்லில் திருப்தி இருந்தது. திரும்பி வரும் பேருந்தில், பார்வதிபுரம் தாண்டியதும், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: “அந்தக் கறுத்த வண்டிக்க லைட்டு கொள்ளாம், இல்லியா?”

‘கொள்ளாம்’ என்றால் எங்கள் பேச்சில் நன்றாக இருக்கிறது என்று பொருள். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

கலுங்கு

வண்டி வந்த பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம், பேசி வைக்காமலேயே உண்டாயிற்று.

எங்கள் வீட்டிலிருந்து ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறு சாலை போகும். நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு மேல் கட்டிய சின்னப் பாலத்தைக் கலுங்கு என்போம். கலுங்கைத் தாண்டினால் கடைகள் உள்ள சந்திப்பு. அதற்கும் அப்பால் ஆலயம்.

முதல் நாள் கலுங்கு வந்ததும் அவர் என் தோளைத் தொட்டார். நிறுத்தினேன். இறங்கிக்கொண்டு, “டாக்டர் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்காரு. நீ போ, நான் வருகேன்” என்றார்.

மருத்துவர் தோளுக்குத்தான் பயிற்சி சொல்லியிருந்தார், காலுக்கு அல்ல. நான் தனியே ஓட்டிப்போய் அவர் நடந்து வரும்வரை காத்திருந்தேன். திரும்பும்போதும் அப்படியே. நான் முன்னால் போய்க் கலுங்கில் நிற்பேன், அவர் சந்திப்பைக் கடந்து நடந்து வந்து ஏறிக்கொள்வார். அதற்குப் பிறகு ரப்பர் மரங்களைத் தவிர யாரும் பார்க்க முடியாது.

சந்திப்பில் உரக்கடை வைத்திருக்கும் செல்லப்பன் இவருடைய பள்ளித் தோழர். இருவரும் பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள். ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் ஒரு ஞாயிறும் கழிந்ததில்லை. அந்தக் கடை வாசலைத்தான் அவரால் பின்னிருக்கையில் கடக்க முடியவில்லை என்று ஊகித்தேன். அதைச் சிறுமை என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதரை ஊர் இத்தனை காலம் ஒரு வண்டியோடு சேர்த்துப் பார்த்திருக்கிறது. வண்டியிலிருந்து இறங்குவதற்கும் பின்னால் ஏறுவதற்கும் நடுவில் அவருக்குக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

வான நீலம்

பழைய ஸ்கூட்டரை அவருடைய அக்காள் மகன் ஷிபு கேட்டிருந்தான். திருவட்டாற்றில் விளம்பரப் பலகைகள் அச்சடிக்கும் தொழில் அவனுக்கு. முப்பது வயதைத் தாண்டியவன். பழைய வண்டி என்றால் உயிர். தட்டில் எடுத்து வைத்ததுபோல அப்படி ஒரு வண்டியை வீட்டிலேயே நிறுத்தியிருக்கிறான்.

அவன் வந்து எடுத்துப்போகும் முன், என் கணவர் வண்டியைத் தக்கலையில் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். வெளுத்துப்போன வண்டியைச் சொந்தக்காரப் பையனுக்குக் கொடுப்பது முறையல்ல என்பது அவர் எண்ணம். அதே வான நீலம் என்று சொல்லி அனுப்பினார். நிறம் ஒரு படி கூடிவிட்டது. வெள்ளிப் பூச்சு வேண்டிய இடமெல்லாம் புதிதாகப் பூசி, வண்டி எங்கள் திருமண ஆண்டுகளில்கூட இருந்திராத பளபளப்போடு வந்து சேர்ந்தது.

ஆலயத்தில் வைத்து ஷிபுவிடம் கொடுப்பதென்று ஏற்பாடு. புதிய வண்டிக்கும் அன்றே ஜெபம். அதற்குமேல் தள்ளிப்போட அவரிடம் காரணம் இல்லாமல் போயிற்று.

அந்தக் காலையில் அவர் பழைய வண்டியைத் தானே ஓட்டுவேன் என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது கியரில் போட்டார். அதற்குப் பிறகு கியரைத் தொடவே இல்லை. முழுவழியும் அந்த ஒரே குரலில் முனகிக்கொண்டு வண்டி போயிற்று. நான் பின்னால் போனேன். அதன் சக்கரம் வாரி இறைத்த சேறு முழுவதும் என் பாலேட்டு வண்டிக்கு வந்து சேர்ந்தது. என் கண்ணெல்லாம் அவருடைய இடத்தோளில் இருந்தது.

செல்லப்பன் கடை வாசலில் அவர் ஒலி எழுப்பினார் என்பதையும் எழுத வேண்டும்.

ஆலய வாசலில் ஷிபு காத்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது.

“என்னத்துக்கு மாமா பெயிண்டு அடிச்சிய? அந்த வெளுத்த கலருதான் அதுக்க அழகு. இப்பப் பாத்தா நேத்து கடையில எடுத்த வண்டி மாதிரில்லா இருக்கு.”

அவருக்கு அது புரியவே இல்லை. பழையதைப் புதியதாக்கித் தந்தால் மகிழ வேண்டிய பிள்ளை, பழையது போயிற்றே என்கிறான். புதியதை விற்கும் கடையோ அதைப் பழையதாக்கி விற்கிறது. “மாமி, மாமாட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கப்பிடாதா?” என்று ஷிபு என்னிடம் திரும்பினான். மணி அடித்தது, உள்ளே போனோம்.

ஆமென்னுக்குப் பிறகு

இனி நடந்ததை வாசகர் ஊகித்திருப்பார்கள். புதிய ஐயர் எங்கள் சபைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. எங்கள் வண்டி எதுவென்று அவருக்குத் தெரியாது. வாசலில் இரண்டு ஸ்கூட்டர்கள். ஒன்று பெயிண்ட் மணம் மாறாமல் மின்னுகிறது. மற்றொன்று வட்ட விளக்கும் பழைய தோற்றமுமாகச் சேற்றில் முங்கி நிற்கிறது.

“சாவி?” என்று ஐயர் கை நீட்டினார்.

புதிய சாவி என் கைப்பைக்குள் இருந்தது. நான் பையைத் திறப்பதற்குள் என் கணவர் தன் கையில் இருந்த சாவியை நீட்டிவிட்டார். பழைய சாவி. ஐயர் அதை வாங்கி, மின்னிய வண்டிமேல் கை வைத்து, கண்களை மூடினார்.

பழக்கத்தில் கை நீண்டதா? தெரிந்தே நீட்டினாரா? பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டதில்லை. கேட்டால் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ஜெபம் நீளமாக இருந்தது. வளைவுகளையும் மழைக்காலத்தையும் லாரிகளையும் ஐயர் விட்டுவைக்கவில்லை. அந்த நேரத்துக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆமென்னுக்குப் பிறகு ஐயர் சாவியை அவரிடம் கொடுப்பார். அவர் அதைப் பெற்றுக்கொள்வார். எல்லோரும் கலைந்த பிறகு அது ஷிபு கைக்குப் போகும். புதிய வண்டிக்கு வீட்டில் நாங்களே ஜெபித்துக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர் கலுங்கு வரை நடக்கட்டும்.

“ஆமென்” என்றார்கள்.

“பத்திரமா ஓட்டுங்கய்யா” என்று ஐயர் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் அதைப் பார்த்தார். நன்றி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சபையார் நகரத் தொடங்கியிருந்தார்கள். செல்லப்பன் குடையை மடக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். வேறு எந்த நேரத்தில் சொல்லியிருந்தாலும் செல்லப்பன் காதில் விழுந்திருக்காது.

“ஐயரே, வண்டி இது இல்ல, அது” என்றார் என் கணவர். “ஓட்டுகது நான் இல்ல, இவ.”

பிறகு, யாரும் கேட்காமலேயே, இடக்கையை மெல்ல உயர்த்திக் காட்டினார். அது மார்பளவுக்கு வந்து நின்றது. “இதுக்கு மேல வர மாட்டேங்கு.”

ஐயருக்கு முகம் சிவந்தது. இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எது பழையது என்று அவருக்கு அப்போதும் தெளிந்ததாகத் தோன்றவில்லை. நான் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

இரண்டாவது ஜெபம் மிகச் சிறியது. முன்பு சொன்னதெல்லாம் இந்த வண்டிக்கும் சேரட்டும் என்று ஐயர் கேட்டுக்கொண்டார். முடித்ததும் பழக்கம் மாறாமல் சாவியை என் கணவர் பக்கம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை. முகவாயை என் பக்கம் அசைத்தார். சாவி என் கைக்கு வந்தது. ஈரமாக இருந்தது, மழையாலோ ஐயரின் விரல்களாலோ.

“அப்போ இனி பின் சீட்டுதானா, ஞானராஜே?” என்றார் செல்லப்பன். இத்தனை நாள் நடந்தே தவிர்த்த கேள்வி அது.

“ஆமா. ஒன்ன ஏத்திட்டுப் போவ ஆளில்லாததுக்கு நான் என்னலே செய்ய?”

சிரிப்பு எழுந்தது. செல்லப்பனும் சிரித்தார். சிரித்து முடித்தபின் இவருடைய இடத்தோளில் கை வைக்கப்போய், நினைவு வந்து, வலத்தோளில் வைத்தார்.

ஷிபுவுக்கு வேறொரு கவலை வந்திருந்தது. புதிய வண்டி என்று சொல்லி ஜெபித்த வண்டியை இனிப் பழைய வண்டி என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? “பெயிண்டையாவது சொரண்டி எடுக்கலாம். ஜெபத்த என்ன மாமா செய்யது?” அவர் அவன் கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார். ஷிபு வண்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தான். நீலப்புகை எழுந்து ஆலய முகப்பில் சிறிது நேரம் நின்றது. அவன் கியர் மாற்றும் ஓசையைச் சாலை வளைவுவரை கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு, மூன்று, நான்கு.

பின்னிருக்கை

நான் வண்டியில் ஏறிப் பொத்தானை அழுத்தினேன். ஓசை இருந்தும் இல்லாததுபோல அது உயிர்பெற்றது. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். வேதாகமப் பையையும் குடையையும் எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். இத்தனை காலம் அவற்றை நான்தான் பிடித்திருந்தேன். பிறகு ஏறி உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி சற்றுத் தாழ்ந்தது.

சந்திப்பைக் கடந்தோம். கடைக்காரர்கள் பார்த்தார்களா என்று நான் பார்க்கவில்லை.

“ஏட்டி” என்றார் பின்னாலிருந்து.

“என்ன?”

“இங்க இருந்தா வண்டியே தெரியல்லியே.”

“தெரியாது” என்றேன்.

மடியிலிருந்து சரிந்த குடையை இழுத்து வைத்துக்கொண்டார். “பின்ன எதப் பாத்துட்டு வந்த, இத்தன நாளும்?” என்றார்.

சொல்லத் தொடங்கினால் வேளிமலையிலிருந்து தொடங்க வேண்டும். வாகைமரத்தடிக்கு வர வேண்டும். வட்ட விளக்கு எனக்குப் பிடித்திருக்கிறதா என்பதற்கும் பதில் தேட வேண்டும். அது அன்றும் தெரியவில்லை, இதை எழுதும்போதும் தெரியவில்லை. நான் சொல்வதற்கு முன்பே கலுங்கு வந்துவிட்டது. என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. வண்டி அவரை ஏற்றிக்கொள்ளும் இடத்தில் வந்து நின்றது.

“எதுக்கு நிறுத்துக? நான்தான் ஏறியாச்சே” என்றார் அவர். “போ.”

போனேன். ரப்பர் மரங்கள் இருபுறமும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.